பேஸ்மேக்கர்: பொருத்திய பிறகு யார் பொறுப்பு?

இதயத்துக்கு பேஸ்மேக்கர் பொருத்த வேண்டும் என்று மருத்துவர் சொல்வதற்கும், நோயாளி அறுவை அரங்குக்குள் கொண்டு செல்லப்படுவதற்கும் இடையே பல நேரங்களில் ஓரிரு நாள்களே கிடைக்கின்றன. மயங்கி விழுந்த முதியவரை அவசர சிகிச்சைப் பிரிவில் சேர்த்த குடும்பத்துக்குச் சில மணி நேரமே கிடைப்பதும் உண்டு. அந்தச் சிறிய அவகாசத்தில் கருவி ஓரறைக் கருவியா ஈரறைக் கருவியா, எந்த நிறுவனத்துடையது, காப்பீடு எவ்வளவு ஏற்கும், மீதித் தொகையை யார் புரட்டுவது என்று அடுத்தடுத்து முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஸ்கூட்டர் வாங்க நான்கு கடை ஏறி இறங்கும் நாம், ஏறத்தாழ பத்து ஆண்டுகள் உடலுக்குள் இருக்கப்போகும் ஒரு பொருளை, அதன் விலைப்பட்டியலைக்கூட முழுமையாகப் பார்க்காமல் வாங்கிவிடுகிறோம்.

அறுவை சிகிச்சை என்ற வகையில் இது சிறியது. பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரக்கச் செய்து, காறை எலும்புக்குக் கீழே சில சென்டிமீட்டர் கீறி, சிரை வழியாக மெல்லிய மின்கம்பியை இதயத்துக்குள் செலுத்தி, தீப்பெட்டி அளவுள்ள கருவியைத் தோலுக்கு அடியில் வைத்துத் தைக்கிறார்கள். ஒன்று அல்லது இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. ஓரிரு நாள்களில் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். இந்த எளிமைதான் நம்மை ஏமாற்றுகிறது. நோயாளியின் குடும்பம் மட்டுமல்ல, காப்பீட்டுத் திட்டங்களை வகுப்பவர்களும் விலைக் கட்டுப்பாட்டாளர்களும் இதை ஒரே நாளில் முடிந்துவிடும் செலவாகவே கருதுகிறார்கள். உண்மையில் பேஸ்மேக்கர் என்பது ஒரு நாள் நிகழ்வு அன்று, வாழ்நாள் ஒப்பந்தம். அந்த ஒப்பந்தத்தின் நிபந்தனைகளை யாரும் எழுதித் தருவதில்லை.

உலகில் முதன்முதலாக உடலுக்குள் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்டவரின் வரலாறே இதற்குச் சான்று. 1958 அக்டோபர் 8 அன்று, ஸ்வீடனின் கரோலின்ஸ்கா மருத்துவமனையில், பொறியாளர் ரூனே எல்ம்க்விஸ்ட் வடிவமைத்த கருவியை அறுவை மருத்துவர் ஓகே சென்னிங், ஆர்னே லார்சன் என்பவருக்குப் பொருத்தினார். அந்தக் கருவி சில மணி நேரமே இயங்கியது. ஆனாலும் லார்சன் 2001 வரை, 86 வயது வரை வாழ்ந்தார். தமக்குக் கருவி செய்த பொறியாளரும் அதைப் பொருத்திய மருத்துவரும் மறைந்த பிறகும் வாழ்ந்தார். அந்த 43 ஆண்டுகளில் அவர் உடலில் 26 பேஸ்மேக்கர்கள் மாறி மாறி இடம்பெற்றன. அவரைக் காப்பாற்றியது முதல் கருவி என்பதைவிட, பழுது வந்த ஒவ்வொரு முறையும் அதைக் கண்டறிந்து மாற்றிக் கொடுத்த ஓர் ஏற்பாடு என்று சொல்வதே பொருத்தம். நம் நாட்டில் கருவி கிடைக்கிறது, ஏற்பாடுதான் இல்லை.

முதலில், பொருத்துவதற்கு முன் செய்ய வேண்டியவை. கருவி தேவைதானா என்ற கேள்வியைக் கேட்பது மருத்துவரை அவமதிப்பது ஆகாது. இதயத்துடிப்பு குறைவதற்குத் தற்காலிகக் காரணங்களும் உண்டு. ரத்த அழுத்தத்துக்கு உட்கொள்ளும் சில மாத்திரைகள், டிகாக்சின், தைராய்டு சுரப்புக் குறைவு, சிறுநீரகப் பாதிப்பால் உயரும் பொட்டாசியம் ஆகியவை துடிப்பை மந்தப்படுத்தக்கூடியவை. கண் நீர் அழுத்த நோய்க்கு இடும் டிமோலால் சொட்டு மருந்துகூட அவ்வாறு செய்யும். கண்ணில் விடும் மருந்துக்கும் இதயத்துக்கும் என்ன தொடர்பு என்று எண்ணி, பெரியவர்கள் பலர் அதை மருத்துவரிடம் சொல்வதே இல்லை. எனவே வீட்டில் உள்ள எல்லா மருந்துகளையும், சொட்டு மருந்து உள்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று காட்டுவது நல்லது. இக்காரணங்கள் எல்லாம் நீக்கப்பட்ட பின்னரும், முழுமையான இதய மின்தடை போன்ற நிலை நீடித்தால் கருவிக்கு மாற்று இல்லை. அப்போது தயங்குவதுதான் ஆபத்து.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து உட்கொள்வோர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அறுவைக்கு முன் வார்ஃபரினை நிறுத்தி, அதற்குப் பதில் ஹெப்பாரின் ஊசி போடுவது நீண்டகால வழக்கம். கனடா மருத்துவர்கள் நடத்தி 2013-இல் வெளியிட்ட ஆய்வு அதைத் தலைகீழாக்கியது. ஊசிக்கு மாறியவர்களில் 16 விழுக்காட்டினருக்குக் கருவி வைத்த இடத்தில் குறிப்பிடத்தக்க ரத்தக்கட்டு ஏற்பட்டது. வார்ஃபரினைத் தொடர்ந்தவர்களில் 3.5 விழுக்காட்டினருக்கே ஏற்பட்டது. எந்த மருந்தை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால், நாமாக நிறுத்திவிடக் கூடாது. காய்ச்சல், தோல் புண், பல் சீழ் ஆகியவை இருந்தால் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கருவி வழக்கமாக இடப்புறம் பொருத்தப்படுவதால், இடக்கைப் பழக்கம் உள்ளவர் அதையும் முன்கூட்டியே தெரிவிப்பது நல்லது.

அடுத்தது, எந்தக் கருவி என்ற கேள்வி. இங்குதான் மருத்துவம் சற்று விலகி, பொருளாதாரம் உள்ளே நுழைகிறது. கென்னத் ஆரோ 1963-இல் எழுதிய கட்டுரை மருத்துவப் பொருளாதாரம் என்ற துறைக்கே அடித்தளமிட்டது. மருத்துவச் சேவையில் விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையே உள்ள தகவல் ஏற்றத்தாழ்வு, பிற சந்தைகளில் காண்பதைவிட ஆழமானது என்பது அதன் சாரம். இக்கட்டுரையை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் எனக்கே பேஸ்மேக்கர் பொருத்த வேண்டி வந்தபோது, என் கையில் தரப்பட்டது மூன்று வரிகள் மட்டுமே கொண்ட ஒரு தாள். மூன்று கருவிகள், மூன்று விலைகள். ஒன்று மற்றொன்றைவிட ஏன் ஒன்றரை மடங்கு விலை, மின்கலம் எத்தனை ஆண்டு உழைக்கும், உத்தரவாதம் எவ்வளவு, பரிசோதனைக்கு எங்கே போக வேண்டும் என்ற எந்த விவரமும் அதில் இல்லை. நான் கேட்ட பிறகு மருத்துவர் பொறுமையாக விளக்கினார். கேட்கத் தெரியாதவருக்கும் கேட்கத் தயங்குபவருக்கும் அந்த மூன்று வரிகளே முழு விவரம்.

விலை கூடினால் ஆயுள் கூடும் என்ற எண்ணம் நம்மிடம் ஆழப் பதிந்திருக்கிறது. பெற்றவருக்குச் செலவு செய்யத் தயங்குகிறாயா என்ற உறவினரின் பார்வையே மகனையோ மகளையோ மிக விலை உயர்ந்த கருவிக்குத் தள்ளிவிடும். பிரிட்டனில் 70 வயதைக் கடந்த, இதய மின்தடை உள்ள 2,021 பேரிடம் ஓரறைக் கருவியையும் ஈரறைக் கருவியையும் ஒப்பிட்டு நடத்திய ஆய்வு 2005-இல் வெளியானது. முதல் ஐந்து ஆண்டுகளில் இறப்பு விகிதத்தில் இரண்டுக்கும் வேறுபாடு காணப்படவில்லை. இதனால் ஈரறைக் கருவி வீண் என்று ஆகிவிடாது. இதயத்தின் மேலறையும் கீழறையும் இசைந்து துடிப்பதால் பலருக்குக் களைப்பும் படபடப்பும் குறைகின்றன. சிலவகை நோயாளிகளுக்கு அதுவே உரியது. மறுபுறம், மேலறைத் துடிப்பு நிரந்தரமாகத் தாறுமாறாகிவிட்டவருக்கு ஈரறைக் கருவியால் பயன் இல்லை. எந்த வகை நோய்க்கு எது என்பதுதான் கேள்வி, விலை அன்று. எனக்குக் கேட்டால், கூடுதல் பணம் தரத்தக்க ஓர் அம்சமாக எம்ஆர்ஐ பரிசோதனைக்கு ஏற்ற கருவியைச் சொல்வேன். முதுகுத்தண்டு, மூளை தொடர்பாக முதுமையில் அப்பரிசோதனை தேவைப்படும் வாய்ப்பு அதிகம். கருவி மட்டுமன்றி அதன் மின்கம்பியும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பதைக் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும். எக்கோ பரிசோதனையில் இதயத்தின் பம்பு செய்யும் திறன் குறைந்திருப்பது தெரிந்தால் வேறு வகைக் கருவி தேவைப்படலாம். ஆகவே எக்கோ முடிவு வருமுன் கருவியைத் தேர்வு செய்வது சரியன்று.

விலைக்கு வருவோம். இதய ரத்தக் குழாய்களில் வைக்கப்படும் ஸ்டென்ட்டுக்கு 2017 பிப்ரவரியில் மத்திய அரசு உச்சவரம்பு விதித்தது. சராசரியாக 1.21 லட்சம் ரூபாய் என்று அச்சிடப்பட்டிருந்த மருந்து பூசிய ஸ்டென்ட், 29,600 ரூபாய்க்கு இறங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டில் செயற்கை மூட்டுக்கும் உச்சவரம்பு வந்தது. பேஸ்மேக்கருக்கு அப்படி ஓர் உச்சவரம்பு இல்லை. 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவக் கருவிகளும் சட்டப்படி மருந்துகளாகக் கருதப்படுவதால், அவற்றின் அதிகபட்ச சில்லறை விலையை ஓராண்டில் 10 விழுக்காட்டுக்கு மேல் உயர்த்த முடியாது என்ற விதி மட்டும் பொருந்துகிறது.

இந்த 10 விழுக்காட்டைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். இன்று ஒரு லட்சம் ரூபாய்க்கு விற்கும் கருவியின் விலையை, விதியை மீறாமலேயே, பத்து ஆண்டுகளில் 2.59 லட்சமாக்கிவிட முடியும். மின்கலம் தீர்ந்து அடுத்த கருவிக்காக நோயாளி திரும்பி வரும் காலமும் ஏறத்தாழ அதுவே. மேலும், உயர்வுக்குத்தான் வரம்பே தவிர, முதன்முதலில் அச்சிடும் விலைக்கு வரம்பு இல்லை. தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2018-இல் தலைநகர்ப் பகுதியின் நான்கு தனியார் மருத்துவமனைகளின் ரசீதுகளை ஆராய்ந்தபோது, சில பொருள்களில் கொள்முதல் விலைக்கும் நோயாளியிடம் பெற்ற விலைக்கும் இடையே 1,737 விழுக்காடு வரை லாபம் இருந்ததைக் கண்டது. அச்சிட்ட விலைக்கு மேல் அவர்கள் வாங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. அச்சிட்ட விலையே அவ்வளவு மேலே வைக்கப்பட்டிருந்தது.

அப்படியானால் பேஸ்மேக்கருக்கும் உடனே உச்சவரம்பு விதித்துவிடலாமா? இதில் எனக்குத் தயக்கம் உண்டு. ஸ்டென்ட் விலை குறைக்கப்பட்டபோது சில பன்னாட்டு நிறுவனங்கள் தங்கள் உயர்வகைப் பொருள்களை இந்தியச் சந்தையிலிருந்து திரும்பப் பெற அனுமதி கேட்டன. பேஸ்மேக்கரில் வகைகள் அதிகம்; ஒரே விலை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. கரோனா காலத்தில், 2021-இல், ஆக்சிஜன் செறிவூட்டிக்கும் ஆக்சிமீட்டருக்கும் வேறொரு வழி கையாளப்பட்டது. விநியோகஸ்தருக்கு விற்கும் விலையின் மேல் வர்த்தக லாபம் 70 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று வரையறுத்தார்கள். உற்பத்தியாளரின் விலையைத் தொடாமல் இடையில் ஊதிப் பெருக்கும் பகுதியை மட்டும் வெட்டும் முறை இது. பேஸ்மேக்கருக்கு இதுவே ஏற்றது. கூடவே, கருவியின் விலை, உத்தரவாதக் காலம், எதிர்பார்க்கும் மின்கல ஆயுள், பரிசோதனை மையங்களின் பட்டியல் ஆகியவற்றை நோயாளியின் மொழியில் எழுதி, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குமுன் தர வேண்டும் என்று ஆணையிட அரசுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவாகாது.

காப்பீட்டைப் பொறுத்தவரை நிலைமை முன்பைவிட மேம்பட்டிருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். மொத்த சுகாதாரச் செலவில் மக்கள் தம் கைப்பணத்திலிருந்து செய்யும் செலவின் பங்கு 2013-14-இல் 64.2 விழுக்காடாக இருந்தது, 2021-22-இல் 39.4 விழுக்காடாகக் குறைந்திருப்பதாக தேசிய சுகாதாரக் கணக்கு கூறுகிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் பேஸ்மேக்கர் பொருத்துவது அடங்கும். 2024 அக்டோபர் முதல் ஆயுஷ்மான் பாரத் திட்டம் 70 வயதைக் கடந்த அனைவருக்கும், வருமான வரம்பு இன்றி, விரிவுபடுத்தப்பட்டது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டுத் தவணைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை. ஆனால், இவை அனைத்தும் மருத்துவமனைப் படுக்கையோடு நின்றுவிடுகின்றன. தையல் போட்டு வெளியே வரும் நோயாளிக்கு அடுத்த ஆறு வாரங்களில் நேர்வதைப் பற்றி அவற்றுக்குக் கவலை இல்லை.

அந்த ஆறு வாரங்கள் முக்கியமானவை. உள்ளே செலுத்திய மின்கம்பியின் நுனி இதயத் தசையில் பற்றி நிலைபெற அவ்வளவு காலம் பிடிக்கிறது. அதுவரை கருவி உள்ள பக்கத்துக் கையைத் தோளுக்கு மேல் உயர்த்தக் கூடாது; எடை தூக்கக் கூடாது. கிணற்றில் நீர் இறைப்பது, குடத்தை இடுப்பில் ஏற்றுவது, கேஸ் சிலிண்டரை நகர்த்துவது, பரணிலிருந்து பாத்திரம் எடுப்பது எல்லாம் இதில் அடங்கும். ஆனால், நம் வீடுகளில் எச்சரிக்கை எல்லை மீறி எதிர்த்திசையில் போய்விடுவதும் உண்டு. கையை அசைக்கவே கூடாது என்று தூளியில் கட்டித் தொங்கவிட்டு, ஒரு மாதம் கழித்து அவிழ்க்கும்போது தோள்பட்டை இறுகிப்போயிருக்கும். தோளுக்குக் கீழே கையை வழக்கம்போல் அசைப்பது தடையன்று, தேவையும்கூட.

காயம் ஆறும்வரை ஈரம் படாமல் காக்க வேண்டும். வீக்கம் கண்டால் அருகில் உள்ள யாரிடமாவது காட்டி ஊசியால் குத்தி நீரை எடுக்கச் சொல்வது மிகப் பெரிய தவறு. கிருமி உள்ளே புக அதைவிட எளிய வழி இல்லை. கிருமி புகுந்துவிட்டால் பெரும்பாலும் கருவியையும் மின்கம்பியையும் முழுவதுமாக வெளியே எடுக்க வேண்டிவரும். அது முதல் அறுவையைவிடச் சிக்கலானது, செலவும் அதிகம். காயத்தில் சிவப்பு, வலி, சீழ், காய்ச்சல், மீண்டும் தலைச்சுற்றல், விடாத விக்கல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் கருவி பொருத்திய மருத்துவரிடமே போக வேண்டும். செல்பேசி, இண்டக்‌ஷன் அடுப்பு பற்றிய அச்சங்கள் அளவுக்கு மீறியவை. செல்பேசியைச் சட்டைப் பையில், கருவிக்கு மேலாக, வைக்காமல் ஒரு சாண் தள்ளி வைத்தால் போதும். மின்வில் வெல்டிங் தொழிலாளியின் நிலை வேறு. அவர் வேலைக்குத் திரும்புமுன் மருத்துவரிடம் கட்டாயம் ஆலோசிக்க வேண்டும்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. ஓய்வூதியம் பெறும் என் போன்றவருக்கு ஆறு வாரம் கையை உயர்த்தாமல் இருப்பது ஓர் ஒழுங்கு, அவ்வளவுதான். நாற்று நடும் பெண்ணுக்கும் சித்தாளுக்கும் பனையேறிக்கும் அது ஆறு வார வருமானம். 2025-26 நிதியாண்டில் தமிழ்நாட்டுக்கு அறிவிக்கப்பட்ட நூறுநாள் வேலைத் திட்டக் கூலியான 336 ரூபாயையே அளவுகோலாகக் கொண்டாலும், 42 நாளுக்கு 14,112 ரூபாய் ஆகிறது. இஎஸ்ஐ திட்டத்தில் உள்ள தொழிலாளிக்கு நோய்க்கால உதவியாகக் கூலியில் 70 விழுக்காடு கிடைக்கும். அமைப்புசாராத் தொழிலாளிக்கு அவ்வாறு எதுவும் இல்லை. ஆகவே அவர் இரண்டாவது வாரமே வேலைக்குப் போகிறார். மின்கம்பி இடம் பெயர்கிறது. மறுபடியும் அறுவை; மறுபடியும் அரசுக் காப்பீட்டிலிருந்து பணம். சில ஆயிரம் ரூபாய் கொடுக்கத் தவறியதால் பல்லாயிரம் ரூபாயை இழக்கும் கணக்கு இது.

இதற்கு முன்மாதிரி இல்லாமல் இல்லை. ஆந்திரத்தில் 2019 டிசம்பரில் தொடங்கப்பட்ட ஆரோக்ய ஆசரா திட்டம், அறுவைக்குப் பின் ஓய்வில் இருக்கும் ஏழை நோயாளிக்கு நாளொன்றுக்கு 225 ரூபாய், மாதம் 5,000 ரூபாய் வரை வழங்கும் வகையில் அமைந்தது. தமிழ்நாட்டிலேயே டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் 18,000 ரூபாய் மதிப்பிலான உதவியை வழங்குகிறது. பிரசவித்த தாய்க்கு ஓய்வும் உணவும் தேவை, அவற்றுக்கு விலை உண்டு என்று ஏற்றுக்கொண்ட அரசு, அறுவை முடிந்த கூலித் தொழிலாளிக்கும் அதே தர்க்கத்தை நீட்டிக்கலாம். காப்பீட்டுத் தொகுப்பிலேயே பேஸ்மேக்கருக்கு ஆறு வார வாழ்வூதியத்தைச் சேர்த்துவிட்டால் தனித் திட்டம்கூடத் தேவையில்லை.

ஆறு வாரங்களுக்குப் பிறகு என்ன? பொருத்திய முதல் சில வாரங்களில் ஒரு முறையும், பின்னர் ஆறு மாதத்துக்கோ ஓராண்டுக்கோ ஒரு முறையும் கருவியைச் சோதிக்க வேண்டும். மின்கலம் எவ்வளவு மிச்சம், கம்பி சரியாக உள்ளதா, மின்னளவைக் குறைத்து ஆயுளைக் கூட்ட முடியுமா என்பதெல்லாம் அப்போதுதான் தெரியும். மின்கலம் தீரப்போகிறது என்ற எச்சரிக்கை தோன்றிய பின் மாற்றிக்கொள்ளக் கிடைக்கும் அவகாசம் ஏறத்தாழ மூன்று மாதம்தான். இதில் உள்ள சிக்கல், ஒரு நிறுவனத்தின் கருவியை அந்த நிறுவனத்தின் கணினியால் மட்டுமே படிக்க முடியும் என்பது. பொருளியலில் இதை மாற்றுச் செலவு என்போம். ஒருமுறை ஒரு நிறுவனத்துக்குள் சென்றவர் வெளியேற முடியாது. பெருநகரில் இது பெரிய குறையாகத் தெரிவதில்லை. சிற்றூரில் இருப்பவர், தம் நிறுவனத்தின் கணினியும் அதை இயக்குபவரும் வரும் நாளைக் கேட்டறிந்து, ஒருநாள் கூலியையும் பேருந்துக் கட்டணத்தையும் இழந்து நகரத்துக்குப் போக வேண்டும். நலமாக இருப்பதாக உணர்பவர் எதற்காகப் போவார்? மின்கலம் தீர்ந்து மீண்டும் மயங்கி விழும்போதுதான் அவருக்குக் கருவியின் நினைவு வரும்.

2017 ஆகஸ்டில் அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. ஒரு நிறுவனத்தின் பேஸ்மேக்கர்களில் வெளியார் ஊடுருவக்கூடிய பாதுகாப்புக் குறை இருந்ததால், அந்நாட்டில் மட்டும் சுமார் 4,65,000 கருவிகளின் உள்மென்பொருளைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. நோயாளி நேரில் வந்தால்தான் அதைச் செய்ய முடியும். நம் நாட்டில் அப்படி ஓர் அறிவிப்பு வந்தால் யாரை அழைப்பது? 2010-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்ட ஒரு செயற்கை இடுப்பு மூட்டு, இந்தியாவில் ஏறத்தாழ 4,700 அறுவைகளில் பயன்படுத்தப்பட்டிருந்தது. பின்னாளில் இழப்பீடு தர முற்பட்டபோது, அவர்களில் பெரும்பாலோரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை. யாருக்கு எந்தக் கருவி, எந்த நாளில், எங்கே பொருத்தப்பட்டது என்ற பொதுப் பதிவேடு இல்லாததன் விளைவு அது. லார்சன் பிறந்த ஸ்வீடனில் பேஸ்மேக்கருக்குத் தேசியப் பதிவேடு இருக்கிறது. இங்கே கருவியின் வரிசை எண் நோயாளியின் கையில் உள்ள ஒரு சிறு அட்டையில் இருக்கிறது. அட்டை தொலைந்தால் அதுவும் இல்லை.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு வாய்ப்பு உண்டு. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மருந்து கொடுக்க வீடு தேடிப் போகிறார்கள். காப்பீட்டுத் திட்டத்தில் பேஸ்மேக்கர் பொருத்தப்பட்ட ஒவ்வொருவரின் பெயரும் காப்பீட்டு ஆவணத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அந்தப் பட்டியலை இந்தப் பணியாளரிடம் கொடுத்தால், மருந்து கொடுக்கும்போதே காயத்தைப் பார்க்கலாம், நாடித்துடிப்பை எண்ணலாம், அடுத்த பரிசோதனை நாளை நினைவூட்டலாம். மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மாதம் ஒரு நாள், எல்லா நிறுவனங்களின் கணினிகளும் ஒரே கூரையின் கீழ் இருக்கும்படி முகாம் நடத்தலாம். அரசு மருத்துவமனைகளுக்குக் கருவி விற்க விரும்பும் நிறுவனம் இதற்கு உடன்பட வேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரி சேர்ப்பதுதான் இதற்கான முதலீடு. பெருமளவில் வாங்குபவருக்குப் பேரம் பேசும் வலிமை உண்டு. அரசு அந்த வலிமையை விலையைக் குறைக்க மட்டுமே பயன்படுத்திவருகிறது. பராமரிப்பையும் சேர்த்து வாங்கப் பயன்படுத்தலாம்.

கடைசியாக, வீட்டில் பேசத் தயங்கும் ஒன்று. பேஸ்மேக்கர் உள்ளவர் இறந்தால், எரியூட்டுவதற்கு முன் அதை அகற்றியாக வேண்டும். கடும் வெப்பத்தில் அது வெடிக்கும். குடும்பத்தாருக்கு இதை முன்பே சொல்லிவைப்பது நல்லது. அப்படி அகற்றப்படும் கருவிகள் சிலவற்றில் மின்கலம் இன்னும் பல ஆண்டுகளுக்கு மிச்சமிருக்கும். கனடாவில் இவ்வாறு பெறப்பட்ட கருவிகளைத் தூய்மைப்படுத்தி, மெக்சிகோ, குவாத்தமாலா உள்ளிட்ட நாடுகளின் ஏழை நோயாளிகள் 1,051 பேருக்குப் பொருத்தினார்கள். இதில் டிஃபிப்ரிலேட்டர் கருவிகளும் அடங்கும். புதிய கருவி பெற்றவர்களோடு ஒப்பிட்டபோது கிருமித் தொற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று 2020-இல் அறிவித்தார்கள். மும்பையிலும் சிறிய அளவில் இம்முயற்சி நடந்து, முடிவுகள் வெளியிடப்பட்டுள்ளன. ஆயினும் கருவியின் உறையில் ஒருமுறை மட்டுமே பயன்படுத்தத்தக்கது என்று அச்சிடப்பட்டிருப்பதால், எந்த மருத்துவமனையும் தன் பொறுப்பில் இதைச் செய்யத் துணியாது. தரக் கட்டுப்பாட்டுடன், நோயாளியின் எழுத்துபூர்வ சம்மதத்துடன் இதை அனுமதிப்பதா வேண்டாமா என்று மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு ஆராய்ந்து ஒரு முடிவைச் சொல்ல வேண்டும். அதுவரை, அகற்றப்பட்ட கருவியை உறவினர் வாங்கிக்கொண்டு போகிறார். அது பழைய மூக்குக் கண்ணாடியோடும் கைக்கடிகாரத்தோடும் மேசை அறையில் கிடக்கிறது.